பாலம் இருக்கும் தீவுக்குப் படகுக் கட்டணம் வாங்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் அயர்லாந்துச் சுற்றுலாப் பயணி,
பொன்மலை, திருச்சி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: அக்கில் தீவுப் பயணம் – வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த ஜூன் மாதம் தாங்கள் நடத்திய அயர்லாந்துச் சுற்றுலாவில் நானும் என் மனைவியும் வந்திருந்தோம். ரசீது, பயணத் திட்டம் இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். டப்ளின், கால்வே ஊர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கும் இடம் சுத்தம், சாப்பாடும் பரவாயில்லை. இந்தக் கடிதம் மேயோ மாவட்டத்து அக்கில் தீவுக்கென்று ஒதுக்கிய அந்த ஒரு நாளைப் பற்றியது மட்டுமே.

முதலில் பணக் கணக்கு. ரசீதில் 'அக்கில் தீவு படகுக் கட்டணம் (போக, வர)' என்று தலைக்கு 3,200 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் எந்தப் படகிலும் ஏறவில்லை. ஏறவேண்டிய அவசியமும் அங்கே இல்லை. அந்தத் தீவுக்கு 1887-லிருந்தே பாலம் இருக்கிறது. குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய மைக்கேல் டேவிட் என்பவரின் பெயர் அதற்கு. இப்போது நிற்பது 2008-ல் கட்டியது. எங்கள் பஸ் அதன் மேல்தான் போனது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "படகு எங்கே தம்பி?" என்று வழிகாட்டியைக் கேட்டேன். "அது ஆபீஸ்ல போட்ட பில் சார், எனக்குத் தெரியாது" என்றார். அதனால்தான் ஆபீஸுக்கே எழுதுகிறேன்.

அடுத்தது நேரம். 'காலை முதல் மாலை வரை முழுநாள் தீவுச் சுற்று' என்பது திட்டத்தில் உள்ள வாசகம். நடந்தது வேறு. வெஸ்ட்போர்ட்டில் காலை முழுக்கக் கம்பளிக் கடையும் நினைவுப்பொருள் கடையுமாக நிறுத்தி வைத்தார்கள். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பி, தீவில் நுழையும்போது மணி மூன்றரை. கீல் கடற்கரையின் வண்டி நிறுத்தத்தில் இருபது நிமிஷம் இறக்கிவிட்டார்கள். போட்டோ எடுத்தோம், கழிப்பறைக்குப் போனோம், பஸ் திரும்பிவிட்டது. காரணம் கேட்டதற்கு, "இருட்டிடும் சார்" என்றார் அந்தத் தம்பி. ஜூன் மாதத்தில் அந்தக் கரையில் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்து அறைக்கு வந்த பிறகும் ஜன்னல் திரையை இழுத்து விட்டுத்தான் படுக்க முடிந்தது.

இதையெல்லாம் ஊர் திரும்பியதும் தொலைபேசியில் சொன்னேன். தங்கள் அலுவலகத்துப் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தீவுல பார்க்கப் பெருசா ஒண்ணும் கிடையாது சார், வெறும் கல்லும் புல்லும்தான்" என்றார். படகுக் கட்டணத்தைக்கூட மறந்திருப்பேன், இந்தப் பதிலை விட முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தீவு நாளுக்கு மறுநாள், தங்கள் திட்டத்தில் 'ஓய்வு' என்று போட்டிருந்த நாளில், நாங்களும் உடன் வந்த கோயம்புத்தூர்த் தம்பதியும் சேர்ந்து டாக்ஸி பிடித்து அதே தீவுக்குப் போய் வந்தோம். என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தங்கள் அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஸ்லீவ்மோர் என்று 671 மீட்டர் உயர மலை. அதன் தெற்குச் சரிவில் ஆள் இல்லாத ஒரு கிராமம். எண்பது முதல் நூறு வீடுகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுக்கும் கூரை இல்லை. பெரும்பாலும் ஒற்றை அறை. வீடுகளைச் சுற்றி உருளைக்கிழங்கு போட்ட பாத்திகளின் மேடுபள்ளம் புல்லுக்கடியில் இன்னும் வரிவரியாகத் தெரிகிறது. ஊர் காலியான பிறகும் கோடையில் மாடு மேய்க்க வருகிறவர்கள் இருபதாம் நூற்றாண்டு வரை சில வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. என் மனைவி ஒரு வீட்டுக்குள் நின்று அடுப்பு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். தங்கள் திட்டத்தில் இந்தக் கிராமத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. பஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாலை முடிகிற இடம் கீம் விரிகுடா. இரண்டு பக்கமும் மலை, நடுவே லாடம் போல் வளைந்த மணல். தண்ணீரின் நிறத்தை நம்ப முடியவில்லை, குளிரையும்தான். கோயம்புத்தூர்க்காரர் முழங்கால் வரை இறங்கிவிட்டு உடனே கரையேறிவிட்டார். வாயைத் திறந்தபடி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் பெரிய சுறாக்கள் இங்கே வரும். ஈரல் எண்ணெய்க்காக அவற்றை இதே விரிகுடாவில் 1970-கள் வரை பிடித்திருக்கிறார்கள். 2022-ல்தான் அயர்லாந்து சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை, அதற்குத் தங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால் குரோஹான் பாறைச்சரிவுக்குச் சொல்வேன். 'உலகப் புகழ்பெற்ற குரோஹான் கடற்பாறைகள், பஸ்ஸிலிருந்தே காட்சி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது நடக்காத காரியம். 688 மீட்டர் மலை அது, அயர்லாந்திலேயே உயரமான கடற்பாறைகள் அதன் வடக்கு முகத்தில் இருக்கின்றன, சாலை இருப்பதோ தெற்கே. பார்க்க வேண்டுமானால் பாதையில்லாத மலையில் மணிக்கணக்காக ஏற வேண்டும், இல்லையென்றால் கடல் வழியாகச் சுற்றி வர வேண்டும். படகுக் கட்டணம் வாங்கியவர்கள் இதற்காவது ஒரு படகு பிடித்திருக்கலாம். பக்கத்தில் போட்டிருக்கும் படமும் அக்கில் படமல்ல. அது தெற்கே கிளேர் மாவட்டத்து மோஹர் பாறைகள், ஓரத்தில் இருக்கிற ஓ'பிரையன் கோபுரத்தைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இந்தத் தீவின் மேல் ஆசை வந்ததற்கு வேறு காரணம் உண்டு. நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கிலுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1894 ஜூனில், தடம் முறைப்படி திறக்கும் முன்பே, ஒரு ரயில் அக்கிலுக்கு வந்தது. அதில் வந்தவை பிணங்கள். ஸ்காட்லாந்துக்கு அறுவடைக் கூலிக்குப் போகக் கப்பலேறக் கிளம்பிய தீவு மக்களின் பாய்மரப் படகு கிளூ விரிகுடாவில் கவிழ்ந்து 32 பேர் செத்துப்போனார்கள். பிறகு 1937 செப்டம்பரில், ஸ்காட்லாந்தில் கிர்கின்டில்லாக் என்ற ஊரில் உருளைக்கிழங்கு பொறுக்கப் போன அக்கில் பையன்கள் பத்துப் பேர், படுத்திருந்த கொட்டகை தீப்பிடித்து இறந்தார்கள். அவர்கள் உடலும் இதே தடத்தில்தான் வந்தது. சில வாரங்களில் தடத்தையே மூடிவிட்டார்கள். இரண்டு துயரத்திலும் போனவர்கள் கில்டாவ்நெட் இடுகாட்டில் கிடக்கிறார்கள். பக்கத்திலேயே கிரேஸ் ஓ'மாலி என்ற பதினாறாம் நூற்றாண்டுக் கடல் தலைவியோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்கோபுரம், தண்ணீர் ஓரமாக. தங்கள் திட்டத்தில் 'ராணியின் கோட்டை' என்று இருப்பது இதுதான். இடுகாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பாலத்திலிருந்து அங்கே போக டாக்ஸிக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பழைய ரயில் தடம் இப்போது 42 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. வெஸ்ட்போர்ட்டில் வாடகை சைக்கிள் கிடைக்கிறது. குழுவில் இருந்த இளவட்டங்கள் கேட்டபோது "அதுக்கெல்லாம் பர்மிஷன் இல்லை" என்று மறுத்திருக்கிறார் வழிகாட்டி. யாருடைய அனுமதி என்று தெரியவில்லை. எங்கள் டாக்ஸி ஓரமாகப் போனபோது பத்து வயசுப் பிள்ளைகள் அதில் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தம்பி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம். அவர் இதற்கு முன் தீவுக்கு வந்ததே இல்லை என்று அவரே சொன்னார். ஆளைப் பழக்காமல் அனுப்பியது நிர்வாகத்தின் பொறுப்பு.

பிறகு மின்னஞ்சலில் அடுத்த பயணத்துக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டாம். நான் கேட்பவை இவை: இல்லாத படகுக்கு வாங்கிய 6,400 ரூபாய், அக்கில் நாளுக்கென்று ரசீதில் தனியாகக் காட்டியிருக்கும் பேருந்து, வழிகாட்டிக் கட்டணம், மறுநாள் டாக்ஸிக்கு எங்கள் பங்காகக் கொடுத்த தொகை (ரசீது இணைப்பில்). இவற்றை என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். எங்களோடு வந்த மற்றவர்களுக்கும் படகுப் பணத்தை அவர்கள் கேட்காமலேயே திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆண்டுக் கையேட்டில் படகையும் மோஹர் படத்தையும் 'பஸ்ஸிலிருந்தே காட்சி' என்பதையும் எடுத்துவிட வேண்டும்.

கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற இரண்டு காரணங்களைக் காட்டித் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதால், எனக்குச் சென்னைக்கு அலையும் வேலை இல்லை. தாங்கள்தான் வரவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அயர்லாந்துச் சுற்றுலாப் பயணி,
பொன்மலை, திருச்சி.

இணைப்பு: ரசீது நகல், பயணத் திட்ட நகல், கையேட்டின் படப் பக்கம், டாக்ஸி ரசீது, பாலத்தின் மேல் பஸ் போகும்போது எடுத்த புகைப்படம்.