இரவல் ஹார்மோனியத்தில் ஒரு மார்கழி

மயிலாப்பூர்,
தை 3 (ஜனவரி 17, 2024)

சித்திரக்குளத்தைச் சுற்றியும் மாட வீதிகளிலும் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் பஜனை கோஷ்டிக்குப் பெயர் கிடையாது. ரசீதுப் புத்தகமும் கிடையாது. மார்கழியில் விடிகாலை ஐந்து மணிக்குக் குளத்தங்கரையில் கூடி, கபாலி கோயில் மாட வீதிகள் நான்கையும் பாடிக்கொண்டே சுற்றி, ஆறரை மணிக்குப் பொங்கல் சாப்பிட்டுக் கலைகிறவர்கள், அவ்வளவுதான். பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்திய அதே வீதிகள். அவர் 1973-ல் மறைந்தார். 50 வருஷம் ஆகிவிட்டது. அவரோடு எங்களுக்கு ஏதோ சம்பந்தம் உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எங்களில் பாதிப் பேருக்குச் சுருதி நிற்காது.

ஒவ்வொரு வருஷமும் உதவியவர்களுக்கு வாய்வார்த்தையாக நன்றி சொல்வதோடு சரி. இந்த முறை எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இந்த மார்கழியில் பஜனை நடக்கும் என்று டிசம்பர் 5-ஆம் தேதி எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை.

மிக்ஜாம் புயல் மழை 3-ஆம் தேதி இரவு பிடித்து மறுநாள் முழுக்க விடாமல் கொட்டியது உங்களுக்குத் தெரியும். கோஷ்டியின் ஹார்மோனியம், டோலக், இரண்டு ஜோடி ஜால்ரா, பாட்டு நோட்டுகள் எல்லாம் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியில்தான் இருக்கும். சாவி என்னிடம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் இதே வீட்டில் இருந்து பார்த்தவள் நான். ஹார்மோனியத்தை மேல் தட்டில் வைக்க வேண்டும் என்ற புத்தி அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் வடிந்த பிறகு அலமாரியைத் திறந்தால், டோலக் மட்டும் மேல் தட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஹார்மோனியத்தின் துருத்தித் தோல் பெயர்ந்து, ஊறின அப்பளம் மாதிரி தொங்கியது. கட்டைகளை அழுத்தினால் தண்ணீர் வந்தது.

முதல் நன்றி, மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்கு மின்சாரம் கொண்டுவந்த லைன்மேனுக்கு. இடுப்பு வரை நனைந்த சட்டையோடு வந்தவரை ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுப் பிடுங்கினோம். "அடுத்த தெருவுக்கு வந்துவிட்டதே, எங்களுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர் பதில் சொல்லாமல் கம்பத்தில் ஏறினார். வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் காபி கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. விளக்கு வந்த சந்தோஷத்தில் உள்ளே ஓடிவிட்டேன். அண்ணா, இந்தப் பக்கம் வந்தால் கதவைத் தட்டுங்கள்.

அப்புறம், தெருவில் தேங்கிய சேற்றை அள்ளியவர்களுக்கு. அந்த வாரம் சென்னைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களை வரவழைத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் எந்த ஊர் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வழக்கமாக இங்கே பெருக்க வரும் அம்மாவை மட்டும் தெரியும். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது என்பது பத்து நாள் கழித்துப் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. மார்கழி பிறந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். கோலத்தை விட்டுச் சுற்றிப் பெருக்கினார். எங்கள் தெருவில் சில வாசல்களில் கோலம் நடுத்தெரு வரைக்கும் வரும். அதற்காக அவர் துடைப்பத்தை எப்படி வளைத்து வளைத்துப் போனார் என்று நாங்கள் பாடிக்கொண்டே போகும்போது பார்த்தோம். ஒரு நாள் அதைச் சொன்னதற்கு, "கலைச்சா நாளைக்கு இன்னும் பெருசாப் போடுவாங்க, எனக்குத்தான் வேலை" என்றார்.

மார்கழி பிறந்தது டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் ரேஷன் கடைகளில் 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். வரிசையில் முன்னால் நிற்க வேண்டும் என்று பலர் இருட்டிலேயே கிளம்பிவிட்டார்கள். ஆக, முதல் நாள் பஜனைக்கு ஏழு பேர். சுருதிக்கு ஒருவருடைய செல்போனில் தம்பூரா. அது நடுவில் ஒரு விளம்பரமும் பாடியது.

அந்த நிலைமையில் இரவல் ஹார்மோனியம் கொடுத்தவர் சாந்தோம் அக்கா. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடும் குழுவில் இருப்பவர். ஹார்மோனியம் அவருடைய அப்பாவுடையது. எங்கள் கோஷ்டியில் ஒருவரோடு பல வருஷம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். விஷயம் காதில் விழுந்ததும், "24-ஆம் தேதி ராத்திரி மட்டும் எனக்கு வேணும், மத்த நாள் நீங்க வெச்சுக்குங்க" என்று ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மத்திமத்துக்கு ஒரு கட்டை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டும் போனார்.

24 மாலை ஹார்மோனியம் சாந்தோமுக்குப் போனது. மறுநாள் அது இல்லாமலே சமாளித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். நள்ளிரவுப் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போகவே இரண்டு மணி ஆகியிருக்கும். விடிகாலை ஐந்துக்குக் குளத்தங்கரைக்குப் போனால், அங்கே அவர் நிற்கிறார். பட்டுப்புடவை மாற்றவில்லை. ஒரு கையில் ஹார்மோனியம், இன்னொரு கையில் கேக் டப்பா. "தூங்கினா எழுந்திருக்க மாட்டேன், அதான் அப்படியே வந்துட்டேன்" என்றார். அன்றைக்கு எங்களோடு கிழக்கு மாட வீதி வரை நடந்தும் வந்தார். மறுநாளுக்கு மறுநாள், 27-ஆம் தேதி திருவாதிரை. அக்கா வீட்டுக்குக் களியும் ஏழுகறிக் கூட்டும் போயிற்று. களி கொஞ்சம் இறுகிவிட்டது, அது எங்கள் தப்பு. கூட்டு நன்றாக இருந்ததாகச் சொன்னார். களியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததே போதும், புரிந்துகொண்டோம்.

இதற்கு நடுவில் இன்னொரு இடி. எங்கள் டோலக்காரருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். மார்கழி பிறந்த அன்றைக்குத் தெற்கே பிடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் மாட்டிக்கொண்டது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேச முடியவில்லை. மூன்று நாள் அந்த மனிதர் எங்களோடு நடந்தார், டோலக்கைத் தொடவில்லை. நான்காம் நாள் கிளம்பிவிட்டார். வெறுங்கையோடு போகவில்லை. தெற்கு மாட வீதியில் தரையில் கூறு கட்டிக் காய்கறி விற்கிறவர்கள், தங்கள் கடையே இரண்டு வாரத்துக்கு முன்னால் தண்ணீரில் போனவர்கள், அவர் போவதைக் கேள்விப்பட்டு வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூட்டையாகக் கட்டினார்கள். தெருவில் போர்வை, பிஸ்கட், மெழுகுவர்த்தி, பெண்களுக்கு நாப்கின் என்று சேர்ந்தது. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன வேன்காரர் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அம்மா நலமாக இருக்கிறார். டோலக்காரர் பொங்கலுக்குத் திரும்பவில்லை. அங்கே சுவர் எழுப்புகிறார்.

டோலக் இல்லாமல் போன இடத்தில்தான் மிருதங்கத் தம்பி வந்து சேர்ந்தான். இசை விழாச் சமயத்தில் மயிலாப்பூரில் கல்லெறிந்தால் ஒரு மிருதங்க வித்வான் மேல் விழும் என்பார்கள், ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு வருகிறவர் எத்தனை பேர்? வெளியூரிலிருந்து வந்து ஒரு மேன்ஷனில் தங்கிக் கற்றுக்கொள்கிற பையன். அவனுக்கு இந்த சீசனில் ஒரே ஒரு கச்சேரி, மதியம் 12 மணிக்கு. அனுமதி இலவசம். மதிய வெயிலில் யார் வருவார்கள் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். கோஷ்டியில் ஒன்பது பேர் போனோம். அரங்கில் மொத்தம் 22 பேர், எண்ணினேன். மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியபோது ஒருவரும் எழுந்து போகவில்லை. எங்கள் 81 வயதுப் பாட்டி வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கேன்டீனில் மட்டும் நிற்க இடமில்லை.

அந்தப் பாட்டி மந்தைவெளியிலிருந்து வருகிறவர். மெட்ரோ வேலைக்காகத் தகரத் தட்டி வைத்து வழிகளை மாற்றியிருப்பதால் பகலிலேயே எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று தெரிவதில்லை. தினமும் நாலே முக்காலுக்கு அவர் வாசலில் ஆட்டோவை நிறுத்திக் கூட்டி வந்தவர், ராத்திரி சவாரி முடித்துத் தூங்கப் போகிற ஓர் ஆட்டோக்கார அண்ணன். பெட்ரோலுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பொங்கல் மட்டும் இரண்டு தொன்னை.

இப்போது கொஞ்சம் சங்கடமான நன்றி. எங்கள் வழியில் ஒரு மாடி வீட்டில், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு நாலு மணிக்குப் படுக்கிற ஒரு தம்பி இருக்கிறார். மூன்றாம் நாள் கீழே இறங்கி வந்து, "பாடுங்க, வேண்டாம்னு சொல்லலை, அந்த மைக் மட்டும் வேண்டாமே" என்றார். எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. அது எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். மறுநாளிலிருந்து கைமைக்கை வீட்டில் வைத்துவிட்டோம். மைக் போனதும் வேறொன்று நடந்தது. முன்னால் நடப்பவர் குரல் பின்னால் வருபவருக்குக் கேட்க வேண்டுமே என்று எல்லாரும் நெருங்கி நடந்தோம், வாயசைத்துக்கொண்டு மட்டும் வந்தவர்கள் நிஜமாகவே பாட வேண்டியதாயிற்று. தம்பி, உங்கள் தூக்கத்தை மூன்று நாள் கெடுத்ததற்கு மன்னிப்பும், சொன்னதற்கு நன்றியும்.

வைகுண்ட ஏகாதசி அன்றைக்குக் கேசவப் பெருமாள் கோயில் வரிசையில் நின்றவர்களுக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்த டீக்கடைக்காரர், எங்களையும் சேர்த்துக்கொண்டார். (பேயாழ்வார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு, அருண்டேல் தெருவில் இருக்கிற அவருடைய அவதாரத் தலத்தை ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள் எங்கள் கோஷ்டியிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அன்றே கூட்டிப் போய்விட்டோம்.) ஆங்கிலப் புத்தாண்டு விடிகாலை கோயிலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நாங்கள் போக முடியாமல் விழித்தபோது, தடுப்பை நகர்த்தி வழி விட்ட பெண் காவலருக்கும் நன்றி. அவருடைய பாட்டியும் ஊரில் இப்படித்தான் பாடிக்கொண்டு போவார் என்று சொன்னார். பூசணிப் பூவைக் காலையிலேயே எடுத்து வைத்துக் கோலத்துக்கு என்று குழந்தைகளிடம் கொடுத்த ஆயாவை விட்டுவிட்டால் அந்தக் குழந்தைகள் என்னைச் சும்மா விடாது.

மார்கழி 27, கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் செய்த சமையல்கார மாமாவைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். நெய் எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு, "கணக்கு கேக்கறவா வீட்ல நான் கூடாரவல்லி பண்றதில்லை" என்றார். நெய் கொடுத்த மூன்று வீட்டுக்காரர்களும் கணக்குக் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவ இரண்டு முறை சோப்புப் போட வேண்டியிருந்தது.

இந்த வருஷம் மார்கழிக்கு 29 நாள்தான். திருப்பாவையோ 30 பாட்டு. கடைசி நாள் இரண்டு பாட்டாகச் சேர்த்துப் பாட வேண்டும். அந்தக் கடைசி நாள் போகியாகவும் இருந்தது. பழைய பாயும் துணியும் எரிகிற புகையில் ஆளாளுக்கு இருமிக்கொண்டே போனோம். ஆனால் எங்கள் தெருவில் டயர் எரியவில்லை. பசங்கள் முதல் நாளே வீடு வீடாகப் போய்ப் பழைய டயர்களையும் பிளாஸ்டிக்கையும் வாங்கிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மேளத்தை மட்டும் விடவில்லை, நாலு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். மாடி வீட்டுத் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

கணக்கு: உண்டியல் வைக்காமலே கைக்கு வந்தது 11,450 ரூபாய். பொங்கல், அக்காரவடிசல், எண்ணெய், கற்பூரம், தொன்னை எல்லாம் போக 4,200 மிச்சம். அது ஹார்மோனியம் பழுது பார்ப்பவருக்குப் போகிறது. ரீடுகள் பாதி துருப்பிடித்துவிட்டன, தோல் முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார். பங்குனிப் பெருவிழாவுக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் அது மேல் தட்டுக்குப் போகும். அலமாரிக்கு ஆணியும் பலகையும் அடித்துக் கொடுத்த தச்சு ஆசாரி கூலி வேண்டாம் என்றார், பிடிவாதமாகக் கொடுத்தோம்.

சாந்தோம் அக்காவின் ஹார்மோனியத்தை மாட்டுப் பொங்கலன்று கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. ஒட்டிக்கொண்டிருந்த கட்டை இப்போது ஒட்டவில்லை. எப்படிச் சரியானது என்று அவரும் கேட்டார், எங்களுக்கும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. போகியன்று கலையும்போது ஜால்ராவில் ஒரு ஜோடிக்குப் பாதிதான் அலமாரிக்குத் திரும்பி வந்தது. இன்னொரு பாதி யார் வீட்டுக் குழந்தையின் கையில் இருக்கிறதோ தெரியாது. தட்டி ஆசை தீர்ந்ததும் கொண்டுவந்து கொடுங்கள். வீடு அதேதான், மாடிப்படிக்குக் கீழே அலமாரி. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் தூங்குவேன்.

அன்புடன்,
சாவி வைத்திருப்பவள்