எங்கள் பக்கம் ஆளே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் மாவட்டங்களுக்கெனத் தனியாக ஒரு தொழில் வளர்ச்சி முகமை வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம். ஆனால் அதற்குத் தலைவராகச் சென்னை, பெங்களூருவில் பெரிய கம்பெனி நடத்தியவர்களைத்தான் எடுக்க வேண்டும், இங்கே தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம் என்று ஒரு வரி வந்திருந்ததே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. எந்தப் பக்கத்துக்காரர், டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் எங்கள் நெல்லை மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நான் பத்தமடைக்காரன். பாய்த் தொழிலுக்குக் கடன் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று வருஷம் நடந்தேன். அதற்குள் மூன்று அதிகாரிகள் மாறினார்கள், மூன்று பேரும் வெளியூர், ஒவ்வொருவரும் கோரை என்றால் என்ன என்பதிலிருந்து கேட்டார்கள். கடைசியாக வந்தவர், இதை மெஷினில் போட்டால் என்ன என்றார். கூட வந்திருந்த என் உம்மா (அம்மா) பதிலே பேசவில்லை. ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிய கோரையை நார்நாராகக் கீறி அவள் நெய்த பட்டுப்பாயைச் சேலை மாதிரி நாலாக மடித்து மேஜைமேல் வைத்தாள். ஓர் இடத்தில்கூட முறியவில்லை. அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார்.

நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று எடுத்த நிலம் பெரும்பாலும் வெறுமனே கிடக்கிறது. நெல்லை மாவட்டத்திலிருந்து 1986ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019ல் தென்காசி பிரிந்தது, எங்கள் தெருப் பையன்கள் மட்டும் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகடு செய்கிறார்கள், சரி, சந்தோஷம். ஆனால் பாய்க்கும் வீரவநல்லூர்த் தறிக்கும் காருகுறிச்சி மண்பானைக்கும் யார் பேசுவார்கள்?

வெளியூர்க்காரர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் வந்தாலும் ஐந்து வருஷமாவது இங்கேயே குடியிருக்கட்டும், நாலு தறிவீட்டில் உட்கார்ந்து பேசியவராக இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அப்படியொரு முகமை வந்தால் விளம்பரத்தைத் தமிழிலும் போட வேண்டும், நேர்முகத் தேர்வைப் பாளையங்கோட்டையில் நடத்த வேண்டும் என்று அடுத்த இதழில் இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பத்தமடை வாசகர்