பாப்பாவுக்கு, அந்த ஸ்பிரிங் விஷயமா

பாப்பா,

நல்லாருக்கியா தாயி. நீ போட்டோ மூணு அனுப்பி இன்னையோட 22 நாளாச்சு. உன் ரேஸ் காருக்கு ஸ்பிரிங்கும் டேம்பரும், அதான் ஷாக் அப்சார்பரும், சேந்த பெட்டி எது வாங்கலாம்பான்னு கேட்டிருந்த, நானும் பாத்துட்டு சொல்றேன்னு ஒரு வரி போட்டதோட நின்னுட்டேன். அதுக்கப்புறம் நீயும் போன் பண்ணல. அம்மா பண்ணா மீட்டிங்ல இருக்கேம்மான்னு மெசேஜ் வருது. ஞாயித்துக்கெழமை கூடவா மீட்டிங். சரி அத விடு. பட்டறையில பசங்க சாப்பிடப் போயிட்டாய்ங்க, ஒத்தக்கடைக்கு போக வேண்டிய ஒரு டிப்பர் லாரி ஸ்பிரிங் பட்டை மாத்தி நிக்கிது, டிரைவர் வர்றதுக்குள்ள எழுதிடுறேன்.

மொதல்ல கேட்டதுக்குப் பதில். ரெண்டாவது பெட்டி. வெல கூடன்னு தெரியும், இருந்தாலும் அதான். மொத பெட்டியில டேம்பர் இறுக்கத்தக் கூட்டிக் கொறைக்க 32 கிளிக்கு, கலர் கலரா இருக்கு, எல்லாம் சரி, ஆனா ஆயில் சீல் போச்சுன்னா சீல் மட்டும் தனியா குடுப்பியான்னு கடைக்காரன்ட்ட கேளு, முழு டேம்பரையே மாத்தணும்னு சொன்னான்னா அது வேணாம். ரேஸுக்கு ஓட்டுற வண்டியில டேம்பர் தேயத்தான் செய்யும், பிரிச்சு ஆயில் மாத்தி சீல் போட்டு திருப்பி மாட்டுற மாதிரி இருக்கணும். கோயம்புத்தூர்ல ரேஸ் வண்டி ரெடி பண்றவுக ஒருத்தர்ட்டயும் கேட்டேன், அவரும் கிளிக்க எண்ணாத, சர்வீஸ் எங்கன்னு பாருன்னுதான் சொன்னாரு. உன் கிளாஸ்ல சஸ்பென்ஷன் மாத்துறதுக்கு அனுமதி இருக்கான்னு ரேஸுக்கு விதி போடுற எஃப்எம்எஸ்சிஐ சங்கத்து விதியில ஒருக்க பாத்துக்க, வாங்கி மாட்டுனதுக்கு அப்புறம் செல்லாதுன்னு சொல்லிடப் போறாய்ங்க.

அப்புறம் நாலு பக்கமும் காயில்ஓவர்னு, அதாவது டேம்பர் மேலயே ஸ்பிரிங்கு மாட்டுனதுன்னு, பெட்டியில போட்டிருக்கு. உன் போலோவுல முன்னாடி ஸ்ட்ரட்டு, அதுல ஸ்பிரிங்கு டேம்பர் மேலயே உக்காரும். பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேக்குற பீமு, ஸ்பிரிங்கு தனி, டேம்பர் தனி. அதனால பின்னாடி உசரத்த ஸ்பிரிங்குக்கு அடியில இருக்குற அந்த மரை போட்ட கிண்ணத்துலதான் திருப்பணும். டேம்பர்ல உசரம் மாத்துற ரிங்கத் தேடிக்கிட்டு நிக்காத.

முன்னாடிக்கு 8 கிலோ ஸ்பிரிங்கு வேணும்னு எழுதியிருக்க. 8 கிலோன்னா ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ வேணும், 160 கிலோ ஏறுனாத்தான் 20 மில்லி எறங்கும். டிராக்குல நல்லாத்தான் இருக்கும். அதே வண்டியிலதான நீ தெனமும் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல வேலைக்குப் போற? லாரிக்கு நான் ஹெல்பர் பட்டை ரெண்டு கூடப் போட்டுக் குடுத்தா லோடு இல்லாதப்ப வண்டி ரோட்ட விட்டு எகிறும், டிரைவர் வந்து சண்டை போடுவாரு. டயர் தரையில இருந்தாத்தான் புடிக்கும். எகிறுற டயரு எதையும் புடிக்காது. கொஞ்சம் கம்மியா எடு.

ரொம்ப எறக்கவும் எறக்காத. முன்னாடி சக்கரத்தக் கீழருந்து புடிச்சிருக்குற லோயர் ஆர்ம் தரைக்குச் சமமா இருக்கணும், இல்ல வெளிப்பக்கம் லேசா கீழ எறங்கி இருக்கணும். அது மேல தூக்கிக்கிச்சுன்னா வளைவுல வண்டி கூடத்தான் சாயும், பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங்கு தானா ஒரு பக்கம் இழுக்கும். நீ இன்ஜினியர், உனக்குத் தெரியாதது இல்ல. இருந்தாலும் சொல்றேன், எறக்காத.

உன் போட்டோவப் பத்தி. கழட்டிப் போட்ட பழைய ஸ்ட்ரட்டு பின்னால தரையில கெடக்கு. நான் போட்டோவப் பெருசு பண்ணி செல்லுமேல ஸ்டீல் ஸ்கேல வெச்சுப் பாத்தேன். இடது பக்கத்து ராடு நேரா இல்ல. தேஞ்சதுனால ராடு வளையாது பாப்பா. 30 வருஷமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நான் ஒண்ணும் கேக்கல. ஸ்ட்ரட்டு வளைஞ்ச வண்டின்னா நக்கிள், லோயர் ஆர்ம், சப்ஃபிரேம் அம்புட்டையும் அளந்து பாக்காம புதுச மாட்டாத, அம்புட்டுதான் சொல்றேன்.

அதே போட்டோவுல பெட்டியப் புடிச்சிருக்க பாரு, தாத்தா வாட்ச வலது கையில கட்டியிருக்க. இடது கை படத்துலயே இல்ல. அம்மா இத கவனிக்கல, நானும் சொல்லல.

சரி, வேற என்ன. அத்தை வீட்டு கிரகப்பிரவேசம் முடிஞ்சுச்சு. எல்லாரும் உன்னத்தான் கேட்டாக. பொங்கலுக்கும் வரல. சித்தப்பா அலங்காநல்லூர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, நீ வந்தாத்தான் போவேன்னு அவரும் போகல. ஊருல ஒருத்தர்ட்ட விடாம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல நீ ஹெல்மெட்டோட நிக்கிற போட்டோவக் காட்டியாச்சு, பட்டறையில ஆபீஸ் டேபிள் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன். 2005ல நரேன் கார்த்திகேயன் மெல்பர்ன்ல மொத மொத எஃப்-1 ஓட்டுனப்ப காலையில எழுப்பச் சொல்லி என் சட்டையப் புடிச்சுக்கிட்டே தூங்குன. நான் வயசுல ஒரு தடவ லாரியில ஏறி சோழவரம் போய் அந்தப் பழைய விமான ஓடுபாதையில ரேஸ் பாத்துருக்கேன், அந்தச் சத்தத்த உன்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் உன்ன இப்புடி ஆக்கிட்டேன்னு அம்மா வையுறா. வையட்டும்.

ஆனா ஸ்பிரிங்கு விஷயத்துல ஒண்ணு. நீ வாங்குறதுல ஹெல்பர் ஸ்பிரிங்கு இருக்கான்னு பாரு. கட்டையான ஸ்பிரிங்கு போட்டா, சக்கரம் தரைய விட்டுத் தொங்குறப்ப ஸ்பிரிங்கு லூசாகி கிண்ணத்த விட்டு வெலகும். அப்ப அத புடிச்சு வெக்கிறதுக்குத்தான் அந்தச் சின்ன மெல்லிசு ஸ்பிரிங்கு. இல்லாட்டி ஜாக்கி வெச்சு சக்கரத்த முழுசாத் தொங்கவிட்டு, கைய விட்டு ஸ்பிரிங்க ஆட்டிப் பாரு. ஆடுச்சுன்னா மாட்டாத. ஆடுச்சுன்னா மாட்டாத தாயி.

இத நான் ஏன் இப்புடி சொல்றேன்னு உனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. சித்தப்பாவுக்கு ஆக்ஸிடென்ட்ல கால் போனது கன்னுக்குட்டி குறுக்க வந்ததுனால இல்ல.

1999. அவருக்கு அந்த வெள்ள மாருதி 800 மேல உசிரு. முன்னாடி கொஞ்சம் எறக்கிக் குடுண்ணேன்னு கேட்டாரு. நான் லாரிப் பட்டைக்காரன், காயில் எனக்குப் பெருசா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தம்பி கேக்குறான், முடியாதுன்னு எப்புடிச் சொல்றதுன்னு ஒரு கெத்து. கேஸ் கட்டிங்க வெச்சு ஒண்ணரை சுத்து வெட்டி விட்டேன். தீ பட்டா பட்டையே பதம் போயிடும், அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் வெட்டுனேன். சக்கரத்தத் தொங்கவிட்டுப் பாக்கல. மாட்டி, போனட்ட ரெண்டு அமுக்கு அமுக்கிப் பாத்து, நல்லாருக்குடான்னு சாவியக் குடுத்தேன்.

எட்டு நாள்தான் ஓடுச்சு. அழகர்கோவில் ரோட்டுல பள்ளத்துல எறங்கி ஏறுறப்ப ஸ்பிரிங்கு வெலகி கோணையா உக்காந்துருச்சு, வண்டி இடது பக்கம் இழுத்துக்கிட்டு புளியமரத்துல போயிருச்சு. கன்னுக்குட்டின்னு ரோட்டுல நின்ன யாரோ சொன்னாக, நான் ஆமான்னு புடிச்சுக்கிட்டேன். வண்டிய பட்டறைக்கு இழுத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே கழட்டிப் பாத்தேன். நான் வெட்டுன முனை மேல் கிண்ணத்துல சுரண்டியிருந்த தடம் பளபளன்னு இருந்துச்சு, பெறை மாதிரி, ஒரு வெரல் நீளத்துக்கு. அத அரம் வெச்சுத் தேச்சேன். ஸ்பிரிங்க ஒலையில போட்டுட்டேன். உங்க அம்மாட்டக் கூட சொல்லல.

இன்னைக்கும் அவரு ஊன்றுகோல வெச்சுக்கிட்டு பட்டறைக்கு வந்து, எங்கண்ணன் கை வெச்சா வண்டி பேசும்னு கஸ்டமர்ட்ட சொல்றாரு. நான் குனிஞ்சு வேலையப் பாத்துக்கிட்டு இருப்பேன். உன் போட்டோ வந்த அன்னைக்கும் பக்கத்துலதான் இருந்தாரு, என்னண்ணே பாப்பா என்ன கேக்குதுன்னாரு. ஸ்பிரிங்கு கேக்குதுன்னேன். அதுக்கு மேல வாய் வரல. 22 நாளா உனக்கு நான் பதில் எழுதாததுக்குக் காரணம் இதுதான், வேல இருந்துச்சுன்னு நெனச்சுக்காத. அவருகிட்ட சொல்லணும். ஆடி பொறக்குறதுக்குள்ள சொல்லிடுவேன். நீ அதுக்குள்ள அவருட்ட எதும் சொல்லிடாத, நானே சொல்றேன்.

மாட்டும்போது ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ் போல்ட்ட சக்கரம் தொங்குறப்ப இறுக்காத, வண்டிய எறக்கி அதோட எடையில நிக்கவெச்சு இறுக்கு, இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சுரும். நாலு சக்கர எடைய அளக்குறதா இருந்தா நீ சீட்டுல உக்காந்துக்கிட்டு அளக்கச் சொல்லு. கிளிக்க முழுசா டைட் பண்ணிட்டு அங்கருந்து பின்னாடி எண்ணு, எழுதி வெய்யி, ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்து. மாட்டுனதும் அலைன்மென்ட். கடலோரக் காத்துல மரையில துரு ஏறி ரிங்கு புடிச்சுக்கும், மழைக்கு முன்னாடி மரையத் தொடச்சு கிரீஸ் தடவி வெய்யி. எறக்காத.

ரிங்கு திருப்புறதுக்கு ரெண்டு கொக்கி ஸ்பேனர் அடிச்சு வெச்சிருக்கேன், பழைய மெயின் பட்டையில. கடையில வர்றது தகரம் மாதிரி இருக்கும், பல்லு வழுக்கும். ஒண்ணுல வளைவா ஒரு முட்டு வெச்சிருக்கேன், கீழ் ரிங்குல மாட்டி ஸ்ட்ரட்டோட அடிப் பிராக்கெட்டுல சாச்சு விட்டா அதுவா நிக்கும். இன்னொன்னுக்குக் கைப்பிடிய ஒரு சாண் கூட்டி வெச்சிருக்கேன், வலது கை ஒண்ணாலயே திருப்பிடலாம். ராத்திரி பஸ்ல போட்டுவிடுறேன், காலையில கெளாம்பாக்கத்துல வாங்கிக்கணும். நீ வண்டி ஓட்டிக்கிட்டுப் போகாத, யாரையாச்சும் அனுப்பு.

டிப்பர்காரர் வந்துட்டாரு.

அப்பா