மருந்துச் சீட்டை மேசையில் வைத்துப் பாடம் நடத்துங்கள்

மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தொடர்கல்வி நடத்தும் கவுன்சில், சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மருத்துவருக்கு ஒரு நாள், மருந்தாளுநருக்கு வேறொரு நாள் என்று வகுப்பைப் பிரிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எழுதும் கைக்கும் எடுத்துக் கொடுக்கும் கைக்கும் நடுவில் நழுவும் பிழைகளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பிடிக்க முடியும்.

மெத்தோட்ரெக்ஸேட்டையே பாருங்கள். முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒருமுறை மருந்து. சீட்டில் கிழமை இல்லாமல் 15 மி.கி. என்று மட்டும் இருந்தால், மாத்திரைக் கவரில் பழக்கதோஷத்தில் 'தினமும்' என்று விழுந்துவிடும். தினமும் விழுங்கினால் சில நாட்களிலேயே வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வெள்ளணுக்கள் சரியும், உயிரே போகலாம். மருத்துவர் 'திங்கள் மட்டும்' என்று கிழமையையும், எந்த நோய்க்கு என்பதையும் எழுத வேண்டும். கடையில் 2.5 மி.கி. மாத்திரை மட்டும் இருப்பது நல்லது. 15 மி.கி.க்கு ஆறு மாத்திரை, நான்கு வாரத்துக்கு 24. அதற்குமேல் கொடுக்கக் கூடாது. அலமாரியில் 10 மி.கி. பட்டையும் இருந்து கை மாறிப்போனால் அதே ஆறு மாத்திரை 60 மி.கி. ஆகிவிடும். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் அமில வைட்டமினுக்கு வேறு கிழமை. சில தயாரிப்புகளில் இரண்டுமே மஞ்சள் மாத்திரைகள் என்பதால், எது எந்தக் கிழமை என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கிடையே சிறுநீர்த் தொற்றுக்கு இன்னொரு மருத்துவர் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால், மருந்தாளுநர் கொடுக்காமல் நிறுத்திவைத்து அவரை அழைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை தாங்காது. அந்த அழைப்பை எப்படிப் பேசுவது, எப்படி ஏற்பது என்று எந்த வகுப்பிலாவது சொல்லித் தருகிறோமா?

இன்சுலினிலும் இப்படித்தான். மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்தை, மி.லி.க்கு 40 யூனிட் மருந்துக்கென்று கோடிட்ட சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட்.

நாங்கள் கேட்கும் அமர்வு இது: ஆறு மருத்துவர், ஆறு மருந்தாளுநர், 90 நிமிடம். ஆளுக்குப் பத்துச் சீட்டு, நோயாளியின் பெயரை மறைத்து, அவரவர் எழுதியதும் கொடுத்ததும். சீட்டு சீட்டாக எடுத்து, சிறுநீரகத்தின் நிலை என்ன, கூடவே வேறென்ன மருந்து, எப்போது நிறுத்துவது, நோயாளியிடம் என்ன சொன்னோம் என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வகைச் சீட்டுகளை மறுபடி பாருங்கள். அதன் பிறகே சான்றிதழ். நாற்காலியில் உட்கார்ந்த மணிக்கணக்குக்குப் புள்ளி தருவது எங்களுக்கு ஏற்பில்லை.

நேருக்கு நேர் பேச்சுக்குப் பலன் உண்டு. 1983இல் அமெரிக்காவில் ஜெரி ஏவோர்னும் ஸ்டீபன் சூமராயும் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் மருத்துவர்களை நேரில் சந்தித்துப் பேசியபோது, குறைக்க நினைத்த மருந்துகளின் பரிந்துரை 14 விழுக்காடு குறைந்தது. அச்சிட்ட தாள்கள் மட்டும் போன இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

இன்னொன்று: மருந்து நிறுவனச் செலவில் அமர்வு வேண்டாம், பேச்சிலும் திரையிலும் மருந்தின் பொதுப்பெயர் மட்டுமே வரட்டும்.

முதல் அமர்வை மெத்தோட்ரெக்ஸேட் சீட்டுகளோடு தொடங்குங்கள். சரிபார்ப்புப் படிவத்தை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். நாளும் இடமும் நீங்கள் குறியுங்கள்.

இப்படிக்கு,
சீட்டு எழுதுவோரும் மருந்து கொடுப்போரும்