17ஆம் தேதி, காலை 9.30

சேன்-ஆந்த்ரே, ரெயூனியன் தீவு
4 ஜூன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அங்கே பிரான்சில் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று ஞாயிறாகப் போன் வரவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. வேலை இருக்கும், தெரியும். விஷயம் வேறு.

தெபார்த்மானிலிருந்து, மாவட்ட நிர்வாகத்திலிருந்துதான், கடிதம் வந்திருக்கிறது. 17ஆம் தேதி புதன்கிழமை காலை 9.30 மணிக்கு அபா விஷயமாக, அதுதான் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கத் தரும் உதவிப்பணம், வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கப்போகிறார்களாம். "அபா வருது" என்று நான் சொன்னதும் அம்மா எழுந்து போய் வாசலைப் பார்த்தாள். அவளுடைய அப்பா வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள். எந்தக் கப்பலில் வருகிறார் என்று வேறு கேட்டாள்.

போன தடவை வந்தவர்கள் ஜிர் 5 என்று போட்டுவிட்டுப் போனது உனக்குத் தெரியும். ஜிர் என்பது ஒருவருக்குப் பிறர் உதவி எவ்வளவு தேவை என்று சொல்லும் எண். ஜிர் 1 என்றால் உடம்பும் புத்தியும் இரண்டும் கைவிட்டவர், 6 என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர். 1 முதல் 4 வரைக்குத்தான் அபா. 5 என்றால் ஓய்வூதிய நிதியில் கேட்டு, வீடு துடைக்க மாதத்துக்குச் சில மணி நேரம் ஆள் வாங்கப் பார்க்கலாம், அவ்வளவுதான். 2025ஆம் வருஷக் கணக்குப்படி ஜிர் 4க்கு மாதம் 800 யூரோவை ஒட்டியும் ஜிர் 3க்கு 1,200 யூரோவை ஒட்டியும் உதவித் திட்டம் போடலாம். வருமானத்தைப் பார்த்து நம் பங்கு எவ்வளவு என்று சொல்வார்கள். அந்தப் பங்கிலும் பாதி வரிக் கணக்கில் திரும்பி வரும், வரி கட்டாதவர்களுக்கும் உண்டு. ஒரே ஒரு எண் தள்ளி விழுந்ததில் இத்தனையும் போயிற்று.

அந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்பதை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் 31 வருஷம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பாரம் நிரப்பிக் கொடுத்தவன், என் வீட்டுத் தோசியேயை, அந்த விண்ணப்பக் கட்டை, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நீ கூடவே இருந்திருந்தால் படிக்க வைத்திருப்பாய். பத்து வயதிலேயே என் பிரெஞ்சுக் கடிதத்தில் பிழை பிடித்தவள் ஆயிற்றே.

மொத்தம் 17 விஷயம் கேட்பார்கள். அதில் 10தான் கணக்கு. பேச்சும் நடத்தையும் ஒழுங்காக இருக்கிறதா, நாள் கிழமை இடம் தெரிகிறதா, குளியல், உடுப்பது, சாப்பாடு, மலஜலம், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து உட்காருவது, வீட்டுக்குள் நடமாட்டம், வெளியே போவது, ஆபத்து என்றால் ஆளைக் கூப்பிடத் தெரிகிறதா. இவ்வளவுதான். சமையல், வீடு பெருக்குவது, கடை கண்ணி, பணம் காசு, பஸ் ஏறுவது, வேளைக்கு மருந்து, பொழுதுபோக்கு எல்லாம் மிச்சம் 7. அவற்றையும் எழுதிக்கொள்வார்கள், உதவித் திட்டம் போடும்போது பார்ப்பார்கள், ஆனால் ஜிர் எண்ணை அவை அசைக்காது. போன தடவை நான் முக்கால் மணி நேரம் புலம்பியது எதைப் பற்றி தெரியுமா? அடுப்பை அணைக்க மறக்கிறாள், ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள் என்று. வந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சேராத கணக்கைச் சொல்லியே நேரத்தைத் தீர்த்துவிட்டேன்.

அந்தப் பத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி. தானாகச் செய்கிறாளா, முழுதாகச் செய்கிறாளா, வழக்கமாகச் செய்கிறாளா, சரியாகச் செய்கிறாளா. நாலுக்கும் ஆமாம் என்றால்தான் 'ஆ' (A) போடவேண்டும். ஒன்று குறைந்தாலும் 'பே' (B). சுத்தமாக முடியாது என்றால் 'சே' (C). கண்ணாடி, கைத்தடி போட்டுக்கொண்டு செய்தால் அது தானாகச் செய்ததுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் மனுஷர் செய்யும் உதவியைக் கழித்துவிட்டுப் பார்க்கவேண்டும். அதாவது நான் இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள் என்பதுதான் கேள்வி.

அம்மா குளிக்கிறாளா என்றால் குளிக்கிறாள். "குளி" என்று மூன்று தடவை சொல்லி, தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பைக் கையில் கொடுத்தால் குளிக்கிறாள். முதுகும் காலும் நான். அது தானாகவும் இல்லை, முழுதாகவும் இல்லை. ரவிக்கையை உட்புறம் வெளியே போட்டுக்கொள்கிறாள். அது சரியாக இல்லை. பகலில் கழிவறைக்குப் போகிறாள், ராத்திரி கதவு எது என்று தெரியாமல் அலமாரியைத் திறக்கிறாள். அது வழக்கமாக இல்லை. இதையெல்லாம் இப்படியே சொல்லவேண்டும். "குளிக்கிறாள்" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் 'ஆ' விழுந்துவிடும்.

இன்னொன்று, அவர்கள் வருவது காலையில். காலையில் அம்மா தெளிவாக இருப்பாள், விருந்தாளி வந்தால் இன்னும் தெளிவு. சாயங்காலம் 5 மணிக்கு மேல் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஏப்ரல் மாதத்திலிருந்து நோட்டு எழுதுகிறேன். தேதி, மணி, என்ன நடந்தது, நான் என்ன செய்யவேண்டி வந்தது, இந்த நாலு பத்தி போதும். மே 9, ராத்திரி 2.10, செருப்பில்லாமல் கேட் வரைக்கும் போய்விட்டாள், கூட்டி வந்தேன். இப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துக் காட்டலாம் என்று இருந்தேன்.

டாக்டரை அந்த நேரத்துக்கு வரச் சொல்லலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. அவருக்கு நேரம் இல்லை, கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தோசியே முழுசாகச் சேர்ந்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு என்னென்ன உதவி, எத்தனை மணி நேரம் என்று திட்டம் அனுப்புவார்கள். சரியா இல்லையா என்று சொல்ல நமக்கு 10 நாள். பிடிக்காவிட்டால் முதலில் தெபார்த்மானுக்கே எழுதவேண்டும், அதற்கும் 2 மாதக் கெடு, பிறகுதான் கோர்ட்.

போன தடவை நீ அப்பீல் செய்யச் சொன்னாய். கெடு முடியும்வரை நான் எழுதவில்லை. அதற்கு வருகிறேன்.

கிடைத்துவிட்டால் ஆளை எப்படி வைப்பது என்று இரண்டு மனசாக இருக்கிறேன். நாமே நேரடியாக வைத்தால் மணிக்கணக்கு மலிவு, கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் சட்டப்படி நாமே முதலாளி. ஒப்பந்தம், விடுப்பு, சம்பளக் கணக்கு, நிறுத்தினால் நஷ்ட ஈடு எல்லாம் நம் தலையில். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஆள் இல்லை. சேவை நிறுவனம் வழியாக என்றால் மாற்று ஆளை அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. திங்கள் ஒருத்தி, செவ்வாய் வேறொருத்தி என்று முகம் மாறிக்கொண்டே இருந்தால் அம்மா மாதிரி ஆட்கள் பயந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். கையெழுத்துப் போடுமுன் வாரத்துக்கு எத்தனை முகம் வரும், ஞாயிற்றுக்கிழமை யார் என்று கேட்டுவிடவேண்டும். வருகிறவள் ஊசி போடமாட்டாள், போடவும் கூடாது. அதற்கு நர்ஸ். டாக்டர் சீட்டு எழுதினால் சியாத் நர்ஸ் குழு வந்து குளிப்பாட்டி மருந்து பார்த்துவிட்டுப் போகும், நாம் காசு கொடுக்கவேண்டியதில்லை. காத்திருப்பு வரிசைதான் நீளம்.

அபா பணத்தில் சொந்தக்காரரையே சம்பளத்துக்கு வைக்கலாம், தெரியுமா? கணவனை வைக்கக்கூடாது. மகளை வைக்கலாம். பெற்றோரைப் பார்க்க என்றே வேலையில் விடுப்பும் இருக்கிறது. ஒரு தடவைக்கு 3 மாதம், நீட்டித்தால் வேலைக் காலம் முழுவதற்கும் 1 வருஷம் வரை. அதில் 66 நாளுக்குத் தினப்படி உண்டு. உனக்காகச் சொல்லவில்லை. உன் ஆபீசில் யாருக்காவது உதவும்.

சாப்பாடு கொண்டுவந்து தரும் ஏற்பாட்டையும் விசாரித்தேன். ஆறவைத்த சாப்பாடாகத் தருகிறார்கள், ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிடவேண்டும். மறதிக்காரர் வீட்டில் இது சரிப்படாது. பெட்டி பிரிக்காமலே அடுக்கிக் கிடக்கும், வருகிறவர் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார், யாருக்கும் தெரியாது.

கழுத்தில் மாட்டும் மணிப் பொத்தான் வாங்கிவிட்டேன். நீ சொன்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். அழுத்தினால் பெட்டியில் ஒருவர் பேசுவார், பதில் இல்லை என்றால் சாவி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார். அதனால் பத்து நிமிஷத்தில் வந்து சேரக்கூடிய இரண்டு பேராவது வேண்டும். பாரத்தில் உன் பெயரை எழுதப் போனேன். 9,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரை எழுதக்கூடாதாம். எதிர்வீட்டு மதாமிடமும் பேக்கரி பையனிடமும் சாவி கொடுத்திருக்கிறேன். எல்லோரும் செய்யும் தப்பு, குளிக்கும்போது கழற்றிவைப்பது. தண்ணீர் பட்டால் கெடாது, விழுவதும் அங்கேதான். நீயும் பாத்ரூமில் அந்தக் கால்மிதியை எடுத்துவிடு, பிள்ளைகள் வழுக்குவார்கள்.

பெட்டி கரண்டில் ஓடுவது. உள்ளே பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். 2025 பிப்ரவரி 28 கரான்ஸ் புயல் போல வந்து கரண்டும் தண்ணீரும் போனால் பொத்தான் வெறும் பதக்கம்தான். அதற்காக மெரியில், நகராட்சி ஆபீசில், ஒரு பதிவேடு இருக்கிறது. 2003இல் பிரான்சில் வெயிலில் 15,000 பேர் போல இறந்த பிறகு வந்தது. வீட்டில் இருக்கும் வயதானவர்கள் பெயர் கொடுத்தால் அந்த மாதிரி நேரத்தில் போன் செய்து பார்ப்பார்கள். நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. பிள்ளைகள் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். நான் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன், அதற்காக நீ சிரமப்படவேண்டாம்.

பாப்பா, அப்பீல் விஷயம்.

போன தடவை அம்மாவுக்குப் புடவை கட்டிவிட்டது நான். மடிப்பு வைத்து, ஊக்குக் குத்தி, தலை பின்னி, பூவும் வைத்தேன். அவர்கள் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்த அம்மாளுக்குத் தெரியாமல் 'மார்தி' (செவ்வாய்) என்று உதட்டை அசைத்தேன். அம்மா சொல்லிவிட்டாள். பரீட்சையில் நீ தேறியபோது வந்த மாதிரி ஒரு பெருமை வந்தது எனக்கு. குளிப்பாளா என்றதற்கும் தனியாக நடப்பாளா என்றதற்கும் அவள் வாயைத் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். அவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. நான் காட்டியதைத்தான் பார்த்தார்கள்.

பயம்தான். ஒன்று வீட்டைப் பற்றி. பின்வீட்டுப் பெரியவர் செத்த பிறகு அவர் வாங்கிய உதவியைச் சொத்திலிருந்து பிடித்தார்கள் என்று கேட்டிருந்தேன். அது அஸ்பா. வருமானம் இல்லாதவர்களுக்குத் தரும் ஓய்வுத்தொகை. அதையும் இந்தத் தீவில் சொத்து 150,000 யூரோவைத் தாண்டினால், தாண்டிய பாகத்தில்தான் பிடிப்பார்கள், 2029 கடைசிவரை அப்படி. அபாவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, சொத்திலும் கை வைப்பதில்லை. அபா, அஸ்பா. ஒரு எழுத்து. தபால் ஆபீஸ்காரன் விலாசம் மாற்றிப் போட்ட கதை. வீடு உனக்கு இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இன்னொரு பயம், எண் இறங்கினால் அம்மாவை வீட்டில் வைக்கக்கூடாது என்று எழுதிவிடுவார்களோ, மாசி மாதம் நீ போனில் சொன்னாயே, அந்த இடத்துக்கு அனுப்பச் சொல்வார்களோ என்று. அதற்கும் படித்தேன். ஜிர் 1 ஆனாலும் வீட்டிலேயே இருக்கலாம், உதவி வீட்டுக்கு வரும். அதற்குத்தான் அபா. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அன்றைக்குப் போனை வைத்த விதம் சரியில்லை.

17ஆம் தேதி புடவை அவள் எப்படிக் கட்டுகிறாளோ அப்படியே இருக்கட்டும். நோட்டை மேஜைமேல் வைத்துவிடுவேன். ஆனால் என்னை நான் நம்பவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தால் என் உதடு அசைந்துவிடும்.

இங்கே 9.30 என்றால் இப்போது அங்கே 7.30. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் நேரம், தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறேன். நான் குறுக்கே பேசினால் "அப்பா" என்று ஒரு சத்தம் போடு, போதும்.

இப்படிக்கு,
அப்பா