பயிற்சி நோட்டின் 27ஆவது வரி

அன்புள்ள அக்கா,

நாளையோடு மூன்று வருடம். அந்த வியாழக்கிழமையைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு 11 நாள் முன்பு, நீ எனக்குக் கையை நீட்டிய மாலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்த்துப் பழக 30 பேரின் அளவுகளை நோட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். 26 முடிந்திருந்தது. இரவு வேலைக்குக் கிளம்ப இன்னும் 20 நிமிடம். துவைத்த துணியோடு மாடிப்படி ஏறி வந்த நீ, "இந்தா, என் கையில் பார்த்துக்கொள்" என்றாய். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முழங்கையின் உட்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். முள் 200இலிருந்து மெல்ல இறங்கியது. 168இல் முதல் தட்டல். 104இல் அடங்கியது.

அந்தத் தட்டலை 1905இல் விவரித்தவர் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். உன் கையில் அது அவ்வளவு உயரத்தில் கேட்டபோது நம்பவில்லை.

படியேறி வந்தவள் 5 நிமிடமாவது உட்கார வேண்டும். நீ உட்காரவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. பட்டை வேறு உன் கைக்குச் சிறியது. சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் எல்லாவற்றுக்கும் மெஷின்தான், என் காதை நம்பி எனக்குப் பழக்கமில்லை. எல்லாமே உண்மையான காரணங்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் ஓரிரு நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. நோட்டில் 132/84 என்று எழுதினேன். "நார்மல்தான் அக்கா" என்றேன். நீ துணி மடிக்கப் போய்விட்டாய்.

அப்போது நான் தூங்கி 21 மணி நேரம் ஆகியிருந்தது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்று 1997இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. நிதானம் இல்லாதவளுக்கு அவ்வளவு பொருத்தமான பொய் எண் எப்படித் தோன்றியது என்று பிறகுதான் உறைத்தது.

நீ மட்டும் என்ன? மூன்று மாதமாகத் தலைவலி என்று படுத்துப் படுத்து எழுந்தாய். டாக்டரிடம் போ என்றால், "வீட்டிலேயே நர்ஸ் இருக்கிறாளே" என்பாய். நான் அப்போது நர்ஸ் இல்லை அக்கா. பகலில் வகுப்பில் கண் சொக்குகிறவள், இரவில் யாருடைய பெற்றோருக்கோ படுக்கை மாற்றுகிறவள். "அவளைப் படிக்கவைத்தே நான் தேய்ந்துவிட்டேன்" என்று நீ உறவினர்களிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. கட்டணத்தில் பாதிக்கு மேல் என் இரவுகள்தான் கட்டின. இதைச் சொல்ல இது நேரமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அத்தான் விஷயத்தை இங்கே தொடப்போவதில்லை. நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு இவ்வளவு போதும்.

போன வாரம் எனக்கு நர்ஸ் பதிவு எண் வந்தது. நீ இடது கையால் கோணலாக எழுதி அனுப்பிய வாழ்த்தும் அன்றே வந்தது. அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நோயாளியின் குறிப்பில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பழைய எழுத்து தெரிய வேண்டும். நேற்றிரவு அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். 27ஆவது வரியில் கோடு போட்டு, 168/104 என்று எழுதி, நேற்றைய தேதியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் கைக்குச் சரியான பட்டை வாங்கியிருக்கிறேன். இடது கையில்தான் பார்ப்பேன். 5 நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். உன்னால் முடியாது, தெரியும். பேசி முடி, காத்திருக்கிறேன். அன்று எனக்கு டியூட்டி இல்லை.

உன் தங்கை