"2 ஆண்டு அனுபவம்" கேட்கும் விளம்பரங்களும் பி.காம். முடித்தவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்து முடிகிற ஜூன், ஜூலை மாதங்களில் வேலைவாய்ப்பு விளம்பரப் பக்கங்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: "அக்கவுண்டன்ட் தேவை. டேலி, ஜிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது 2 ஆண்டு அனுபவம்." (டேலி என்பது கணக்கு எழுதும் கணினி மென்பொருள்.) பி.காம். முடித்த பிள்ளைகள் பலர் அதைப் படித்ததும் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் இன்னொரு கோர்ஸில் போய்ப் பணம் கட்டுகிறார்கள். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் கணக்கு எழுதி, புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலாளிகள் 2 ஆண்டு கேட்பதற்குக் காரணம் பயம். கணக்குப் பிரிவில் ஒருவர் செய்யும் பிழை அவரோடு நிற்பதில்லை. ஒரே பெயரில் இரண்டு பார்ட்டி லெட்ஜர் (வாடிக்கையாளர் கணக்கு) இருந்து, புதியவர் விற்பனை பில்லைத் தவறான லெட்ஜரில் போட்டுவிட்டால், 11-ஆம் தேதி தாக்கலாகும் மாத விற்பனைப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்த பில் வேறொருவர் எண்ணுக்குப் போய்விடும். சரக்கு வாங்கியவரின் 2பி-யில் (அவர் வாங்கிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கை) பில் வராது; வராவிட்டால் அந்த வரியை அவர் கழித்துக்கொள்ள முடியாது. வரிப் பணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மீதியை அனுப்புவார். அடுத்த மாதம் திருத்தலாம், ஆனால் அதற்குள் இரண்டு பேருக்கும் இடையே பேச்சு தடித்திருக்கும். டிடிஎஸ்-ஸும் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) அப்படித்தான். ஏப்ரலில் பிடித்ததை மே 7-க்குள் கட்ட வேண்டும்; 8-ஆம் தேதி கட்டினால் ஒரு நாள் தாமதம்தானே என்று தோன்றும். வட்டியோ மாதக் கணக்கு: ஏப்ரல் ஒன்று, மே ஒன்று என இரண்டு மாதத்துக்கு 1.5 சதவீதம் வீதம் 3 சதவீதம் போகும். இந்த இடங்களில் சறுக்காத ஆள் வேண்டும் என்பதைத்தான் விளம்பரத்தில் "2 ஆண்டு" என்று எழுதுகிறார்கள். அந்தத் திறமை வருவதற்கு 2 ஆண்டு தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு மாதக் கணக்கை 1-ஆம் தேதியில் தொடங்கி அடுத்த மாதம் 20-ஆம் தேதி 3பி (மாத ஜிஎஸ்டி வரிப் படிவம்) தாக்கல் வரை ஒரே ஆள் கையால் முடித்தால், முக்கால்வாசி வந்துவிடும்.

நேர்காணலில் நாங்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கிச் சரிகட்டும் பட்டியல், அதாவது நம் புத்தக இருப்பும் வங்கி ஸ்டேட்மென்ட் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் பட்டியல். பிளஸ் ஒன் பாடத்திலேயே இருக்கிறது. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் உண்மையான ஸ்டேட்மென்டைக் கையில் கொடுத்தால் திணறுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம். மாதக் கடைசியில் நம் புத்தகத்தில் வங்கி இருப்பு ரூ.4,82,350. ஸ்டேட்மென்டில் ரூ.5,26,114. வித்தியாசம் ரூ.43,764. புதியவர் முதலில் இந்த 43,764 என்ற தொகையை எங்காவது ஒரே வரியில் தேடுவார். அப்படி ஒரு வரி இருக்காது. நான்கு காரணங்கள் சேர்ந்து வந்த தொகை அது. நாம் கொடுத்து, பார்ட்டி இன்னும் வங்கியில் போடாத செக் 47,200. நாம் போட்டு இன்னும் வரவாகாத செக் 22,100. ஒரு பார்ட்டி சொல்லாமல் நெஃப்டில் அனுப்பிய 18,900. வங்கி தானாகப் பிடித்த கட்டணம் 236.

இந்த நான்கில் நம் புத்தகத்தில் என்ட்ரி போட வேண்டியவை கடைசி இரண்டு மட்டுமே. போட்டதும் புத்தக இருப்பு 5,01,014 ஆகும். செக் இரண்டும் நாள்பட்டால் தானாகச் சரியாகும். அவற்றுக்கு என்ட்ரி போட்டால்தான் தப்பு. 5,01,014-உடன் 47,200-ஐக் கூட்டி 22,100-ஐக் கழித்தால் ஸ்டேட்மென்டின் 5,26,114 அப்படியே வரும். இதைச் செய்யாமல் 43,764-ஐ சஸ்பென்ஸ் கணக்கில் (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு) தள்ளிவிட்டு "டேலி ஆகிவிட்டது" என்று எழுந்து வருபவரை எடுக்க முடிவதில்லை. அந்த 236 ரூபாயை மட்டும் கூர்ந்து பார்ப்பவரை அதே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதில் 200 கட்டணம், 36 ஜிஎஸ்டி. வங்கியில் நம் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருந்தால் அந்த 36 கிரெடிட்டாக, அதாவது நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக வரும். முழு 236-ஐயும் வங்கிக் கட்டணத்தில் எழுதுகிற பழக்கம் ஆண்டு முழுவதும் எத்தனை 36-ஐத் தின்றிருக்கும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இன்னொரு குழப்பமும் இங்கேதான் வரும். ஸ்டேட்மென்டில் "கிரெடிட்" என்றிருப்பது நமக்கு வந்த பணம், நம் புத்தகத்தில் வங்கிக் கணக்குக்கு அது பற்று. வங்கி தன் புத்தகத்தைக் காட்டுகிறது, நாம் நம் புத்தகத்தை எழுதுகிறோம் என்பது புரிந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம்.

அடுத்தது 2பி பொருத்துதல். 14-ஆம் தேதி 2பி வரும், 20-ஆம் தேதி 3பி தாக்கல். இடையில் இருக்கும் ஆறு நாளில் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பில் பில்லாகப் பொருத்த வேண்டும். எக்ஸெலில் வி-லுக்கப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடும் சூத்திரம்) போட்டால் பாதி பில்கள் "இல்லை" என்றே வரும். நிஜத்தில் இருக்கும். நாம் "024" என்று எழுதிய பில்லை விற்றவர் "24" என்று ஏற்றியிருப்பார், அல்லது எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். பில் எண்ணை மட்டும் நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பவர் அரை நாளில் முடிப்பார். மீதி நிற்பவைதான் உண்மையான வேலை: பில்லையே ஏற்றாத பார்ட்டியைக் கூப்பிட்டுக் கேட்பது, சூரத்திலிருந்து வந்த பில்லில் இருக்கும் ஐஜிஎஸ்டியை (வெளிமாநில விற்பனைக்கான வரி) பழக்க தோஷத்தில் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்து எழுதியிருப்பதைத் திருத்துவது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 24 என்றால் குஜராத். பில்லைக் கையில் எடுத்ததும் கண் அங்கே போக வேண்டும்.

அதே ஜிஎஸ்டி எண்ணில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. 3-ஆவது எழுத்திலிருந்து 12-ஆவது வரை இருப்பது பான் எண். ஆகவே 6-ஆவது எழுத்தைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும்: பி என்றால் தனிநபர், எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், சி என்றால் கம்பெனி. சாயப்பட்டறை, பிரிண்டிங், காம்பாக்டிங் என ஜாப் ஒர்க் (நம் துணியை வெளியே கொடுத்துச் செய்துவாங்கும் வேலை) பில் வரும்போது முதல் இரண்டு வகைக்கு 1 சதவீதமும் மற்ற இரண்டுக்கு 2 சதவீதமும் டிடிஎஸ். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு ஜாப் ஒர்க் தொகைக்கு மட்டும் பிடித்தால் போதும். புதியவர்கள் தவறவிடுவது ஒரே இடம்: ஒவ்வொரு பில்லும் 30,000-க்குக் குறைவு என்று பிடிக்காமல் விட்டுக்கொண்டே போவார்கள். ஆண்டு மொத்தம் 1,00,000-ஐத் தாண்டும் நாளில், அதுவரை கொடுத்த முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். பணமோ ஏற்கெனவே போய்விட்டது. பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு தகவல்: 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு மாறுவதால் இந்த டிடிஎஸ்ஸுக்கான பழைய 194சி போன்ற எண்கள் மாறுகின்றன. எதற்கு, யாரிடம், எவ்வளவு, எப்போது என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு எண் மாறினாலும் பெரிய சிரமமில்லை.

மூன்று மாத டேலி கோர்ஸைக் குறை சொல்லவில்லை. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்8 விற்பனை என்று விரல் பழகும். ஆனால் அங்கே என்ட்ரி போடுவது புத்தகத்தில் அழகாக அச்சடித்த கணக்குக்கு. கசங்கிய பில், மங்கிய தெர்மல் ரசீது, தேதியில்லாத வவுச்சர் எதுவும் அங்கே வராது. ஒரு கோர்ஸ் முடித்தவர் இரண்டாவது கோர்ஸுக்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்தலாம். டேலிபிரைமை எஜுகேஷனல் முறையில் இலவசமாகவே கணினியில் போடலாம். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே என்ட்ரி ஏற்கும். பழகுவதற்கு அது போதும். தெரிந்தவர் கடை ஒன்றில் அனுமதி கேட்டு, ஒரு மாதத்துக் கொள்முதல் பில், விற்பனை பில், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் வாங்கி முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். பார்ட்டி பெயர்களை மாற்றிவிடுங்கள். அடுத்தவர் கணக்கைக் காப்பாற்றுவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். இருப்பாய்வு (எல்லா லெட்ஜர்களின் இருப்புப் பட்டியல்), வங்கிச் சரிகட்டும் பட்டியல், 2பி பொருத்திய எக்ஸெல் தாள் மூன்றையும் அச்செடுத்து நேர்காணலுக்குக் கொண்டுபோனால், பேச்சு அந்தத் தாளைப் பற்றியே நடக்கும். பயோடேட்டாவில் "கடின உழைப்பாளி" என்ற வரி இருக்கும் இடத்தில் "ஒரு மாதத்துக்கு 140 பில் என்ட்ரி, வங்கி, 2பி பொருத்தம் முடித்துள்ளேன்" என்று செய்த வேலையை உள்ளபடி எழுதலாம்.

எங்கே தேடுவது என்பதும் சிக்கல்தான். சின்ன நிறுவனங்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் பல நேரம் விளம்பரமே கொடுப்பதில்லை. நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை, ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். 7, 11, 15, 20 தேதிகளை ஒட்டிப் போனால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். 21-க்கும் 28-க்கும் இடையில் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். தனிநபர் ரிட்டர்ன், அடுத்து ஆடிட் என்று ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஆடிட்டர் அலுவலகங்களில் ஆள் பற்றாக்குறை இருக்கும். அங்கே சம்பளம் குறைவுதான், ஆனால் ஓர் ஆண்டில் இருபது வகைத் தொழிலின் கணக்கைப் பார்க்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம், பட்டதாரிகளுக்கான நாட்ஸ் அப்ரண்டிஸ் திட்டம் ஆகியவற்றிலும் பதிந்துவைப்பது நல்லது. 55 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்த பி.காம். பட்டதாரி, சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல்நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான சிஏ இன்டருக்குப் பதியலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

வேலை கிடைத்த பிறகு ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நியமனக் கடிதம் இல்லாமல், சம்பளத்தைக் கையில் பணமாக வாங்கிக்கொண்டு ஓர் ஆண்டு வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த இடத்தில் "அனுபவத்துக்கு ஆதாரம்?" என்று கேட்கும்போது அந்த ஓர் ஆண்டு காணாமல் போகிறது. முதல் வாரத்திலேயே கடிதத்தைக் கேளுங்கள், சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். 20 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு பிஎஃப், 10 பேர் இருந்தால் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ. "டிரெய்னி" என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் இரண்டையும் தள்ளிப்போடுவது சரியில்லை. பிஎஃப் பாஸ்புக்கே பிற்காலத்தில் அனுபவச் சான்றாக நிற்கும். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். காட்டலாம், நகல் கொடுக்கலாம்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "2 ஆண்டு அனுபவம்" என்பதை எடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரத் தேர்வு வையுங்கள். முப்பது வரி உள்ள ஒரு ஸ்டேட்மென்ட், அதற்கான லெட்ஜர், பத்து பில்கள். பில்களில் மூன்று பிழைகளை ஒளித்துவையுங்கள்: ஒன்றில் ஐஜிஎஸ்டி மாற்றம், ஒன்றில் கூட்டல் பிழை, ஒன்றில் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து குறைவு. இரண்டைக் கண்டுபிடிப்பவரைத் தயங்காமல் எடுக்கலாம். தவறு நடந்தால் கண்டுபிடிக்க முடியாதே என்ற அச்சமும் இப்போது குறைந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் கட்டாயம் என்பதால் யார், எந்த என்ட்ரியை, எப்போது மாற்றினார் என்பது நிற்கும். முதல் மூன்று மாதம் என்ட்ரி போடுவது அவர், சரிபார்ப்பது மூத்தவர், தாக்கலும் வங்கிப் பணப் பரிமாற்றமும் மூத்தவர் கையில் என்று பிரித்துக்கொண்டால் நஷ்டம் வர வழியில்லை.

கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்கிவந்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அந்தச் சான்றோடு மாணவரே எழுதிய ஒரு மாத வங்கிச் சரிகட்டும் பட்டியலையும் இணைக்கச் சொன்னால், பேராசிரியர்கள் பத்து நிமிடத்தில் உண்மையைத் தெரிந்துகொள்வார்கள்.

உங்கள் விளம்பரப் பிரிவுக்கும் ஒன்று. கணக்குப் பணி விளம்பரங்களில் சம்பள வரம்பையும், பிஎஃப், இஎஸ்ஐ உண்டா என்பதையும் குறிப்பிடச் சொல்லி வாங்குங்கள். பயிற்சிக் கட்டணம், முன்வைப்புத் தொகை கேட்கும் விளம்பரங்களை வேலைவாய்ப்புப் பத்தியில் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர்கள் சிலர்,
திருப்பூர்.